விலைவாசியை யார் சுமப்பது? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியின் ஓய்வூதியங்கள்

2003 டிசம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஒரு ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம், 2004 ஜனவரியில், இன்னொரு ஃபிட்டர் அதே கூடத்துக்கு வருகிறார். இருவருக்கும் ஒரே ஐ.டி.ஐ. படிப்பு, ஒரே அடிப்படைச் சம்பளம், ஒரே ஷிஃப்ட். டி-72, டி-90, அர்ஜுன் என்று எந்த டாங்கி வந்தாலும் இருவரும் சேர்ந்தே வேலை பார்க்கிறார்கள். அறுபது வயதில் வெளியே வரும்போது முதலாமவருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி மாதந்தோறும் வரும். ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி ஏறும். அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இரண்டாமவருக்கு அவர் பெயரில் சேர்ந்திருக்கும் ஒரு தொகை கிடைக்கும். அது எவ்வளவாக இருக்கும் என்று அவர் சேர்ந்த நாளில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இந்தக் கோட்டைக் கிழித்தது 2003 டிசம்பர் 22 அன்று மத்திய நிதியமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்வோர் புதிய ஓய்வூதியத் திட்டத்தில், அதாவது இன்று என்.பி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். முப்படைகளுக்கு மட்டும் விலக்கு. ஆவடியில் உருவாகும் டாங்கியை ஓட்டுகிற சிப்பாய்க்குப் பழைய ஓய்வூதியம், அதை உருவாக்குகிற தொழிலாளிக்குப் புதியது என்றாயிற்று. 1981இல் சிலி நாட்டில் பினோசே அரசு ஓய்வூதியத்தைத் தனிநபர் கணக்குகளாக மாற்றியபோதும் ராணுவத்தைத் தொடவில்லை. ஆவடியில் முகாம் வைத்திருக்கும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினரோ தாங்களும் ஆயுதப் படைதானே என்று கேட்டார்கள். டில்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அறிவிக்கைக்கு முன்பே விளம்பரம் செய்யப்பட்ட பணியிடங்களில் தாமதமாகச் சேர்ந்தவர்கள், பழைய திட்டத்துக்குத் திரும்பிக்கொள்ள 2023 மார்ச்சில் ஒருமுறை மட்டும் வாய்ப்புத் தரப்பட்டது. பணி நியமன ஆணை தபாலில் எப்போது வந்தது என்பது ஒரு மனிதரின் முதுமையைத் தீர்மானித்திருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்றில், முடிவில் எவ்வளவு கிடைக்கும் என்பது சூத்திரத்தால் உறுதி செய்யப்படுகிறது. அதைக் கொடுக்க எவ்வளவு பணம் வேண்டும் என்பது முதலாளியின் கவலை. மற்றதில், மாதாமாதம் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பது மட்டும் உறுதி. முடிவில் எவ்வளவு வரும் என்பது தொழிலாளியின் கவலை. முன்னதைப் பயன் வரையறுத்த ஓய்வூதியம் என்றும் பின்னதைப் பங்களிப்பு வரையறுத்த ஓய்வூதியம் என்றும் பொருளியலார் பிரிக்கிறார்கள். நம் தொழிற்சங்க மேடைகளில் இந்தப் பிரிவினை 'பழசு', 'புதுசு' என்று ஆகிவிட்டது. பழசு நல்லது, புதுசு கெட்டது என்ற முழக்கம் ஆவடிக்குப் பொருந்துகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போனால் அது பொருந்தவில்லை. பூந்தமல்லி பஸ் டெப்போவில் இன்னொரு விதமாக உடைகிறது. இந்த மூன்று ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால், ஓய்வூதியத்தின் தரத்தை நிர்ணயிப்பது சூத்திரமா கணக்கா என்பதைவிட, விலைவாசி ஏற்றத்தை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

முதியவர் ஒருவரின் வருமானத்தை மூன்று ஆபத்துகள் அரிக்கும். அவர் ஓய்வு பெறும் சமயத்தில் சந்தை சரிந்து கிடக்கலாம். சேர்த்த பணம் தீர்ந்த பிறகும் அவர் வாழலாம். பணம் வந்துகொண்டிருக்கும்போதே அதன் மதிப்புக் கரையலாம். பத்திரிகைகள் முதலாவதைப் பற்றி அதிகம் எழுதுகின்றன. ஆனால் ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால் 12 ஆண்டுகளில் விலைகள் இரட்டிப்பாகின்றன. அறுபதில் கையில் வாங்கிய 10,000 ரூபாய், எண்பதில் 3,100 ரூபாய்ப் பொருளைத்தான் வாங்கும். மருத்துவச் செலவோ எண்பதில்தான் உச்சத்துக்குப் போகிறது.

ஆவடியின் பழைய ஓய்வூதியர்களை நிமிர்ந்து நிற்க வைப்பது சம்பளத்தில் பாதி என்ற சூத்திரம் மட்டுமல்ல. ஏழாவது ஊதியக் குழுவின் கணக்குப்படி 2016 ஜனவரியில் சுழியமாக இருந்த அகவிலைப்படி, 2024 ஜனவரியில் 50 சதவீதத்தைத் தொட்டது. எட்டு ஆண்டுகளில் ஓய்வூதியம் ஒன்றரை மடங்கானது. எண்பது வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50, நூறு வயதில் இரட்டிப்பு. நீண்ட ஆயுளையும் விலைவாசியையும் ஒரே நேரத்தில் கவனித்து எழுதப்பட்ட விதி இது. இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கணக்கு, பின் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கணக்கு என்று அரசு பிரித்தபோது டி.எஸ். நகரா என்ற ஓய்வூதியர் உச்ச நீதிமன்றம் போனார். ஓய்வூதியம் கருணைக்கொடை அல்ல, உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இன்றும் அந்த நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்த உறுதியும் கல்லில் செதுக்கியதல்ல. கொரோனாவைக் காட்டி 2020 ஜனவரி முதல் மூன்று தவணை அகவிலைப்படியை மத்திய அரசு நிறுத்தியது. 2021 ஜூலையில் விகிதம் 17இலிருந்து 28 சதவீதமாக உயர்ந்தது. இடைப்பட்ட 18 மாத நிலுவை வரவில்லை. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியமே கலைக்கப்பட்டு 41 தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கனரக வாகனத் தொழிற்சாலையும் என்ஜின் தொழிற்சாலையும் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்துக்குப் போயின. படை உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனத்துக்குப் போனது. ஊழியர்கள் மத்திய அரசு ஊழியர்களாகவே தொடர்ந்து, அயற்பணியில் இருப்பதாகக் கருதப்பட்டார்கள். அயற்பணிக்கான கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. ஓய்வூதியப் பொறுப்பு அரசுடையதே என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. என்றாலும் நிறுவனத்தில் உள்வாங்கப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி ஆவடிக் குடியிருப்புகளில் ஓயவில்லை. பயன் வரையறுத்த ஓய்வூதியத்தின் மதிப்பு, அதைக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதில் இருக்கிறது. முகவரி மாறும்போது பயம் வருவது இயல்பு.

என்.பி.எஸ். ஊழியரின் கணக்கு வேறு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் அவர் 10 சதவீதம் செலுத்துகிறார். அரசும் 10 சதவீதம் செலுத்தி வந்தது. 2019 ஏப்ரலில் அதை 14 ஆக உயர்த்தியது. அறுபதில் சேர்ந்த தொகையில் 60 சதவீதம் வரையில் ரொக்கமாக எடுக்கலாம். மீதி 40 சதவீதத்துக்கு ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் ஆனுவிட்டி, அதாவது ஆயுள் முழுதும் மாதந்தோறும் பணம் தரும் ஏற்பாடு, வாங்க வேண்டும். எடுத்துக்காட்டாக 50 லட்சம் சேர்ந்திருந்தால், 20 லட்சத்துக்கு ஆனுவிட்டி. ஆண்டுக்கு 6.5 சதவீதம் என்று கொண்டால் மாதம் 10,833 ரூபாய். வழக்கமாக வாங்கப்படும் ஆனுவிட்டியில் அந்த 10,833 கடைசி வரைக்கும் 10,833தான். கையில் வரும் 30 லட்சத்தையும் சேர்த்துப் போட்டால் மாதம் 27,000 ரூபாய் வரும். ஆனால் மகளின் திருமணமும் வீட்டுக்கடனும் காத்திருக்கும் ஒரு குடும்பத்தில் அந்த 30 லட்சம் முதுமைக்கென்று நிற்பது அபூர்வம். சந்தையைக் குறை சொல்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: அரசு ஊழியர்களுக்கான இயல்புநிலைத் திட்டத்தில் பங்குகளுக்குப் போகும் பங்கு நெடுங்காலம் 15 சதவீதத்துக்குள் கட்டுப்பட்டே இருந்தது. இங்கே பெரிய ஓட்டை சந்தை அல்ல. ஆனுவிட்டி ஏறாமல் நிற்பதுதான்.

தனிநபர் கணக்கின் சார்பாக நேர்மையாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. அறுபத்திரண்டில் இறந்துபோகிறவரின் குடும்பத்துக்குச் சேர்ந்த தொகை சொத்தாக நிற்கும். வேலை மாறினாலும் கணக்கு கூடவே வரும். முதலாளி திவாலானாலும் பணம் வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் அல்ல. 1963 டிசம்பரில் அமெரிக்காவின் சௌத் பெண்ட் நகரில் ஸ்டூடிபேக்கர் கார் ஆலை மூடப்பட்டபோது, ஓய்வு வயதை எட்டாத நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வாக்களித்ததில் சுமார் 15 சதவீதம்தான் கிடைத்தது. வாக்குறுதி இருந்தது, அதற்காக ஒதுக்கிய நிதி போதவில்லை. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் 1974இல் அமெரிக்காவில் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கான காப்புறுதி அமைப்பும் வந்தன.

வாகன உதிரிபாகங்களுக்குப் பேர்போன அம்பத்தூர், பாடி வட்டாரத்தில் ஓய்வூதியம் என்றால் 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். பென்ஷன் எவ்வளவு வரும் என்று கேட்டால் இங்கே பதில் சூத்திரமாகத்தான் வருகிறது: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். ஆக, இது பயன் வரையறுத்த திட்டம். இலக்கணப்படி பார்த்தால் அம்பத்தூர் லேத் ஆபரேட்டர், ஆவடியின் பழைய ஓய்வூதியர் நிற்கும் வரிசையில்தான் நிற்கிறார். கையில் வருவது வேறு கதை.

வருங்கால வைப்புநிதிக்கென்று (பி.எஃப்.) முதலாளி செலுத்தும், சம்பளத்தின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. மத்திய அரசு 1.16 சதவீதம் சேர்க்கிறது. இரண்டுக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 1995இல் 5,000 ரூபாயாக இருந்த வரம்பு 2001 ஜூனில் 6,500 ஆனது. 2014 செப்டம்பர் 1 முதல் 15,000. உண்மைச் சம்பளம் 40,000 ஆனாலும் ஓய்வூதிய நிதிக்கு மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. 1996இன் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, முழு வரம்பிலும் பணம் கட்டி, 2026இன் தொடக்கத்தில் 58 வயதில் ஓய்வு பெறுபவரை எடுத்துக்கொள்வோம். 2014 செப்டம்பருக்கு முந்தைய ஆண்டுகளுக்கு 6,500 கணக்கு, பிந்தைய ஆண்டுகளுக்கு 15,000 கணக்கு. இருபது ஆண்டு முடித்ததற்கான இரண்டு ஆண்டுச் சலுகையையும் சேர்த்தால் மாதம் 4,500 ரூபாயை ஒட்டி வரும். முப்பது ஆண்டு உழைப்புக்கு இவ்வளவு. அகவிலைப்படி கிடையாது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். பத்தாண்டுகள் கடந்தும் அது ஆயிரத்திலேயே நின்றது.

இந்தத் தொகையைக்கூடப் பெறாதவர்கள் அம்பத்தூரில் ஏராளம். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். சிறு பட்டறைகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுவது வழக்கம். ஒவ்வொரு முறையும் பி.எஃப். பணத்தோடு 'டென் சி' படிவத்தையும் போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். வாடகை முன்பணம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று காரணங்கள் உண்மையானவை. பணத்தை எடுக்காமல் அதற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் வாங்கிவைத்தால் பழைய பணிக்காலம் அடுத்த கம்பெனியிலும் கூட்டப்படும் என்று வாசலில் யாரும் சொல்வதில்லை. இருபத்தைந்து ஆண்டு உழைத்தவரின் கணக்கில் அந்தப் பத்து ஆண்டுகள்கூட மிஞ்சாது. இருபது பேருக்குக் குறைவான பட்டறைகள் சட்டத்தின் கட்டாயத்துக்குள் வருவதே இல்லை.

இரண்டு ஓய்வூதிய முறைகளையும் ஒப்பிடும் கணக்கு, புத்தகத்திலிருந்து இறங்கித் தொழிலாளியின் சமையலறை மேசைக்கு வந்தது 2023இல். உச்சவரம்பைத் தாண்டி உண்மைச் சம்பளத்துக்கு ஓய்வூதியம் கோரும் உரிமையை 2016 அக்டோபரில் ஆர்.சி. குப்தா வழக்கிலும், நிபந்தனைகளோடு 2022 நவம்பர் 4 அன்று சுனில் குமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விருப்பம் தெரிவிக்கத் தரப்பட்ட கெடு நீண்டு 2023 ஜூலையில் முடிந்தது. நிபந்தனை இதுதான்: இத்தனை ஆண்டுகளாக உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போன முதலாளியின் கூடுதல் பங்கை வட்டியோடு ஓய்வூதிய நிதிக்குத் திருப்ப வேண்டும். கையிலிருக்கும் கணக்கைக் கொடுத்துவிட்டு ஒரு சூத்திரத்தை வாங்குவது இது. 20 லட்சத்தைத் திருப்பினால் ஓய்வூதியம் மாதம் 15,000 கூடும் என்று ஒருவருக்குக் கணக்கு வந்தால், போட்டது திரும்ப 11 ஆண்டுகள் ஆகும். பி.எஃப். வட்டி 8.25 சதவீதமாக இருந்த ஆண்டு அது. அந்த வட்டி மட்டுமே மாதம் 13,750 ரூபாய், முதலும் பத்திரம். ஓய்வூதியத்திலோ முதல் திரும்பாது. அவருக்குப் பின் மனைவிக்குப் பாதிதான் வரும். தொகை என்றும் ஏறாது. மறுபக்கம், தொண்ணூறு வரை வாழ்ந்தாலும் வரவு நிற்காது, மகன் கேட்டான் என்று தூக்கிக் கொடுத்துவிடவும் முடியாது. பலவருடச் சம்பளப் பட்டியலைத் தேடி எடுத்து, முதலாளியின் ஒப்புதல் வாங்கி லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். அகவிலைப்படி மட்டும் இருந்திருந்தால் இந்த முடிவுக்கு ஒரு நாள்கூட யோசித்திருக்க வேண்டியதில்லை.

பூந்தமல்லிக்கு வருவோம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனைகள் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று இந்தப் பகுதி முழுக்க இருக்கின்றன. ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளர்களுக்கு 1998 செப்டம்பர் 1 முதல் தனி ஓய்வூதியத் திட்டம் வந்தது. முதலாளியின் வைப்புநிதிப் பங்கைக் கொண்டு ஒரு அறக்கட்டளை நிதி, சம்பளத்தை வைத்துச் சூத்திரப்படி ஓய்வூதியம், அகவிலைப்படியும் உண்டு. அம்பத்தூரில் இல்லாதது இங்கே இருந்தது. ஆனால் கழகங்கள் ஆண்டுதோறும் நஷ்டத்தில் ஓடின. கட்டணத்தை அரசு நிர்ணயித்தது. வித்தியாசத்தை அரசு முழுதாக ஈடுகட்டவில்லை. தொழிலாளர்களிடம் பிடித்த தொகைகள்கூட அன்றாடச் செலவுக்குப் போகின்றன என்று சங்கங்கள் தொடர்ந்து குற்றம் சாட்டின. 2015 நவம்பருக்குப் பிறகு ஓய்வூதியர்களின் அகவிலைப்படி பல ஆண்டுகள் உயரவில்லை. அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற, முப்பது ஆண்டு பஸ் ஓட்டியவருக்கு அதே தொகை ஆண்டுக்கணக்கில் நின்றது. உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தன. 2024 ஜனவரி 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. ஸ்டூடிபேக்கர் மூடியபோது நடந்தது, இங்கே ஆலை மூடாமலேயே மெதுவாக நடந்தது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் இந்த ஓய்வூதியத்திலும் இல்லை. பூந்தமல்லி உட்படச் சில பணிமனைகளில் தனியார் ஒப்பந்த முறையில் மின்பேருந்துகள் வருகின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். பஸ் அதே வழித்தடத்தில்தான் ஓடும். ஓட்டுநரின் முதுமை மட்டும் அம்பத்தூர்க் கணக்குக்கு மாறிவிடுகிறது.

மாநில அரசு ஊழியர்களின் கதை மத்திய அரசுக்கும் முந்தையது. தமிழ்நாடு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தை 2003 ஏப்ரல் 1 முதலே நடைமுறைப்படுத்திவிட்டது. அதே ஆண்டு ஜூலையில்தான் பறிக்கப்பட்ட சலுகைகளைக் கேட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்ய, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலான மாநிலங்கள் செய்ததுபோலத் தமிழ்நாடு பணத்தை என்.பி.எஸ். நிதி மேலாளர்களிடம் ஒப்படைக்கவில்லை. தன்னிடமே வைத்து வட்டி சேர்த்தது. மாதாந்திர ஓய்வூதியம் தருவதற்கான விதிகளை வகுக்கவும் இல்லை. எனவே இத்திட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு ஒரு மொத்தத் தொகை மட்டும் கிடைத்தது. ஓய்வூதியம் என்ற பெயரில் ஓய்வூதியமே இல்லாத திட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2025இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைத்து, 2026 ஜனவரியில் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது.

மத்திய அரசும் அதே பாதையில்தான் திரும்பியது. அப்போதைய நிதிச் செயலர் டி.வி. சோமநாதன் தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப் பின், 2024 ஆகஸ்ட் 24 அன்று மத்திய அமைச்சரவை ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறை. 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி. பத்து ஆண்டு முடித்தவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய். துணைவருக்கு 60 சதவீதம். இவற்றின் மேல் விலைவாசிப் படி. ஊழியர் 10 சதவீதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரசின் பங்கு 18.5 சதவீதம், அதில் 8.5 பொதுத் தொகுப்புக்கு. கிட்டத்தட்ட 23 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்கு வாய்ப்பு தரப்பட்டு, கெடு 2025 நவம்பர் வரை நீட்டிக்கப்பட்டும் தேர்ந்தெடுத்தவர்கள் சிறுபான்மையினரே. முழு ஓய்வூதியம் வேண்டுமென்றால் தன் கணக்கில் சேர்ந்த தொகையைத் தொகுப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே பலருக்கு இடித்தது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இருபது ஆண்டு விவாதத்தில் விலைவாசியின் சுமையைச் சேமிப்பவர் தலையிலிருந்து இறக்கி, அதற்கான விலையையும் வெளிப்படையாக எழுதிவைத்த திட்டம் இது என்றே மதிக்கிறேன்.

அந்த விலைதான் அம்பத்தூருக்கு எதிரான வாதமாக எப்போதும் வைக்கப்படுகிறது. ஓய்வூதிய நிதியில் பணம் போதாது, விலைவாசியோடு இணைத்தால் தாங்காது என்கிறார்கள். 15,000 என்ற உச்சவரம்பைப் பத்தாண்டுகளுக்கு மேல் அசைக்காமல் வைத்திருந்தால் எந்த நிதியும் போதாதுதான். ஆவடி ஊழியருக்குச் சம்பளத்தில் 18.5 சதவீதம் செலுத்த முன்வரும் அரசு, அம்பத்தூர்த் தொழிலாளிக்கு 1.16 சதவீதம் செலுத்துகிறது. அதுவும் 15,000 வரை மட்டும், மாதம் 174 ரூபாய். முதலாளி அரசு என்பதால் ஆவடிக்குக் கூடுதலாகத் தருவது நியாயமே. இந்த அளவு இடைவெளி நியாயமில்லை. வரம்பை உண்மைச் சம்பளத்தை ஒட்டி உயர்த்துவதும், தரும் ஓய்வூதியத்தை ஆண்டுதோறும் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டின் ஒரு பகுதி அளவுக்காவது ஏற்றுவதும் கணக்கில் வராத கனவுகள் அல்ல. அந்தக் குறியீட்டை அரசு மாதாமாதம் வெளியிட்டு, அதைக் கொண்டுதான் ஆவடிக்கு அகவிலைப்படி நிர்ணயிக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளி என்ன விலைக்கு என்ன வாங்குகிறார் என்று கேட்டுத் தயாரிக்கப்படும் குறியீடு அது.